ஐப்பசிக்கு முன் வீட்டையும் காசையும் ஒழுங்குபடுத்த: கேள்வி பதில்

கட்டடப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்துவிட்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையை அடுத்த முடிச்சூரில் என் சொந்த வீட்டுக்குள் நாலரை அடித் தண்ணீரைப் பார்த்தவனும் நான்தான். ஆகவே இந்தப் பதில்களில் பாதி தொழிலில் கற்றது, பாதி பட்டுத் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்ற கணக்கில் பதில் சொல்கிறேன்.

பல்லாவரத்திலிருந்து ஒருவர்: ஐயா, சொந்த வீடு, கட்டி 18 ஆண்டுகள் ஆகின்றன. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதில் தொடங்குவது? வரவேற்பறைக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்கிறார் மனைவி.

வண்ணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். வீட்டம்மா கோபித்துக்கொண்டால் என் தலையில் பழியைப் போடுங்கள். முதல் செலவு மொட்டை மாடிக்குத்தான்.

முதலில் காசே இல்லாத வேலை. மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாய் வாய்களில் அடைந்திருக்கும் இலை, மண், குழந்தைகளின் பந்து எல்லாவற்றையும் எடுங்கள். நான் பார்த்த ஒழுகல்களில் சரிபாதி இந்த வாய் அடைப்பால் வந்தவை. தண்ணீர் ஓட வழியில்லாமல் நான்கு நாள் நின்றால் எந்தத் தளமும் குடிக்கத்தான் செய்யும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே கிள்ளிப் போட்டால் இரண்டே மாதத்தில் மறுபடி தழைக்கும். வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்தைப் பூச வேண்டும்.

அடுத்தது சோதனை. குழாய் வாய்களைத் துணிப்பந்தால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் கீழே ஒவ்வோர் அறையாகப் போய் கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். இந்த வட்டங்கள் இல்லாமல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் அவர் முழு மாடிக்கும் விலை சொல்வார். வட்டங்களைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வாட்டத்தையும் பாருங்கள். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலமாவது குழாயை நோக்கி இறங்க வேண்டும். பெரும்பாலும் ஒழுகுவது தளத்தின் நடுவில் அல்ல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் துளைத்துப் போகும் இடம், தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

உள்பக்கம் ஈரம் தெரிந்த சுவரில் மட்டும் நீர்த்தடுப்பு வண்ணம் பூசுவது காய்ச்சலுக்குப் பவுடர் பூசுவது போன்றது. அந்தத் தப்பை நானே என் வீட்டில் ஒரு முறை செய்தேன். பொங்கலுக்குள் அப்பளம் போல உரிந்து விழுந்தது.

மிச்சமிருக்கும் பணத்தில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பொருத்துங்கள். 30 மில்லிஆம்பியர் அளவுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே உள்ள எம்.சி.பி. மின்சுமை கூடினாலோ ஷார்ட் சர்க்கியூட் ஆனாலோதான் விழும். ஈரச் சுவரைத் தொட்ட கைக்கு அது பாதுகாப்பு இல்லை. ஆர்.சி.சி.பி.யில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்: சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய நிலை எங்களுக்கு. நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம் அம்மா. பொருள்களை உயர்த்துங்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் இரண்டையும் ஆட்டம் இல்லாத இரும்பு நிலைகளில் ஏற்றுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். 2015இல் எங்கள் தெருவில் முதலில் நனைந்தது எல்லார் வீட்டிலும் அந்தத் தட்டுதான். ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரில் ஏற்றி, அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் பலர் மறப்பது கழிப்பறை. தெருவில் தண்ணீர் ஏறினால் கழிவுநீர் பின்னோக்கி வந்து உங்கள் வீட்டுக்குள் பொங்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு, தெருக்குழாய்க்கு முந்தைய தொட்டியில், கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு போடச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், கனமான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி இறுகக் கட்டித் தயாராக வையுங்கள். தண்ணீர் ஏறும் அன்று கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் குளியலறை வடிகால் வாயிலும் அதை அமுக்கி வைக்கலாம். அழகான வேலை இல்லைதான். ஆனால் வேலை செய்யும்.

வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருக்கிறது. வெள்ளம், புயல் அதில் அடங்கும். பாலிசி எடுத்த கையோடு ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதுகளோடு மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினேன். எட்டு மணி நேரம் வரும் என்றார் கடைக்காரர். நான்கரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை தம்பி, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார். 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஈய பேட்டரியை ஒட்டக் காலி செய்யக் கூடாது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 1,200. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட், அப்படி மூன்று. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, இணையக் கருவி ஒரு பத்து வாட். கூட்டினால் 271. நான்கரை மணி நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். மூன்று விசிறிகளையும் மின்சாரம் குறைவாகத் தின்னும் பி.எல்.டி.சி. மோட்டார் வகைக்கு மாற்றுங்கள். அவை முழு வேகத்திலும் 30 வாட் அளவில் ஓடும். மொத்தச் சுமை 136 வாட்டாக இறங்கும். அதே பேட்டரி ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். மின்சாரம் இருக்கும் நாளிலும் இது உதவும். ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் முழு வேகத்தில் சுழன்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், மூன்றுக்கும் சேர்த்து 120. தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், குறைவது உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்கள்தான். வெள்ளத்துக்கென்று செய்த செலவு வெயில் காலத்தில் வட்டியோடு திரும்பும் என்பதால்தான் இதை எல்லாருக்கும் சொல்கிறேன்.

அதே தம்பி மீண்டும்: பேட்டரிக்கு மழைநீரைப் பிடித்து ஊற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.

மாமாவை மதியுங்கள். பேட்டரிக்கு வாலை வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

திருவள்ளூரிலிருந்து ஓர் ஆசிரியை: ஜிபே இருக்கும்போது வீட்டில் பணம் வைத்திருப்பது தேவையா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அதற்கு 34 நாள் முன்புதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, கார்டு தேய்க்கும் கருவிக்கு மின்சாரம் இல்லை, கைப்பேசியில் சிக்னல் இல்லை. எங்கள் பகுதியில் பல நாள் இருட்டு. அந்த நாள்களில் பாலும் தண்ணீர் கேனும் வாங்க உதவியது என் மனைவி கடுகு டப்பாவுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்த சிறுவாடு. வங்கிக் கணக்கில் இருந்த என் பணம் வங்கிக் கணக்கிலேயே இருந்தது.

ஒரு வாரத்துக்குப் பால், காய்கறி, தண்ணீர், ஆட்டோ, மருந்து என்று கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு 3,000 முதல் 5,000 ரூபாய் போதும். எல்லாம் நூறும் ஐம்பதுமாக இருக்கட்டும். வெள்ளத்தில் 500 ரூபாய்க்குச் சில்லறை தரும் கடைக்காரரை நான் இதுவரை கண்டதில்லை.

ஈரோட்டிலிருந்து பின்னலாடைத் தொழிலாளி ஒருவர்: சம்பளம் 22,000. மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. நீங்கள் சொல்லும் பழுது வேலைகளுக்கு எங்கே போவேன் அண்ணா?

மாதக் கடைசியில் யாருக்கும் மிஞ்சாது, எனக்கும் மிஞ்சியதில்லை. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்தால்தான் உண்டு. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். ஆனால் அது ஐந்து ஆண்டுக் கணக்கு, நடுவில் முடிப்பதாக இருந்தாலும் மூன்று ஆண்டு கழிய வேண்டும். அதனால் அவசரப் பணம் முழுவதையும் அதில் பூட்டாதீர்கள். வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு, மாதம் 1,000 ரூபாய், சித்திரையில் முதிரும்படி தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் வேலையும் நன்றாகக் காயும், கொத்தனாரும் கிடைப்பார். ஐப்பசியில் கொத்தனார் சொல்வதுதான் விலை.

சீட்டு கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பதிவு செய்த சீட்டாக இருந்தால் கட்டுங்கள். தெரிந்தவர் என்பதற்காகப் பதிவில்லாத சீட்டில் சேர்ந்து, 40,000 ரூபாயை ஒரே இரவில் இழந்தவன் நான். அந்த மனிதரோடு இருபது ஆண்டுப் பழக்கம்.

மடிப்பாக்கத்திலிருந்து: சாலையைப் போட்டுப் போட்டு எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி பள்ளமாகிவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

தூக்குகிறார்கள், தூக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் மட்டம் பாருங்கள். சாலை நடு, வாசல் படி, வீட்டுத் தரை, சம்ப் என்ற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். 2015இலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர்க் கறையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். வருவது சாலையில் ஓடும் அரையடி, முக்காலடித் தண்ணீர்தான் என்றால், வாசலில் சாய்வான மேடும், சுற்றுச்சுவர் ஓட்டைகளை அடைப்பதும், மூலையில் ஒரு குழியும் அதில் சிறிய நீர்மூழ்கி மோட்டாரும் போதும். ஏரி உடைந்து வரும் தண்ணீர் என்றால், என் வீட்டை மூன்றடி உயர்த்தியிருந்தாலும் மிச்சம் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கும்.

பிறகும் தூக்குவது என்று முடிவு செய்தால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் எழுத்துபூர்வக் கருத்து வாங்குங்கள், தூக்குபவர்களுடைய பொறியாளரிடம் அல்ல. சுவர் தாங்கும் வீடு ஒரு மாதிரி, தூண் வைத்த வீடு வேறு மாதிரி. அவர்கள் சொல்லும் விலையில் தரையை நிரப்பிப் புதிதாகப் போடுவது, குடிநீர், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு இதெல்லாம் சேர்த்தியா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வழக்கமாகச் சேர்த்தி இல்லை.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: அரசு வடிகாலை ஒழுங்காகக் கட்டினால் இந்தச் செலவே வேண்டாமே. தனி மனிதன் தலையில் சுமத்துகிறீர்களே?

நியாயமான கோபம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால்தான் பாதி மடிப்பாக்கம் பள்ளமானது. உங்கள் தெருவில் சாலை போட வரும் அன்றே சென்னை மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்து, புகார் எண் வாங்குங்கள். மனுவும் போடுங்கள், மணல் மூட்டையும் வையுங்கள்.

கடலூரிலிருந்து: போன மழையில் சம்ப்பில் கழிவுநீர் கலந்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் ஒரு எச்சரிக்கை. மூடியே கிடந்த தொட்டிக்குள் யாரும் சட்டென்று இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்திருக்கலாம், விஷவாயு இருக்கலாம். ஒருவர் மயங்க, தூக்கப் போன இன்னொருவரும் விழுந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. தண்ணீரை முழுவதும் இறைத்து, மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, நீண்ட கைப்பிடித் துடைப்பத்தால் மேலிருந்தே தேயுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காற்றூதும் கருவியோடு வருகிற ஆள்களை அழையுங்கள். கழுவி, இறைத்து, புதுத் தண்ணீர் விட்ட பிறகு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிட்டு, வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கக் கொதிக்க வைத்த நீர்தான்.

இனிமேல் வராமலிருக்க, சம்ப் விளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள்.

தாம்பரத்திலிருந்து: மழைநீர்க் குழி 2003இல் அதிகாரிகளுக்குப் பயந்து போட்டது. அதனால் பயன் உண்டா?

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். ஆவி, சிதறல் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர் லாரி எட்டு. 2019 கோடையில் ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் இருபது ஆண்டாகத் தொடாத குழி களிமண் அடைந்து செத்திருக்கும். மேலே உள்ள மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, கழுவி, மறுபடி போடுங்கள். கிணறு இருந்தால் வடிகட்டித் தொட்டி வழியாக நேரே கிணற்றுக்கு விடுவது இன்னும் நல்லது.

அம்பத்தூரிலிருந்து: கார் தண்ணீரில் நின்றால்?

எஞ்சினைக் கிளப்பாதீர்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் கிளப்பும் அந்த ஒரு நொடியில்தான் எஞ்சின் உடைகிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம், எஞ்சின் பாதுகாப்பு என்று தனி இணைப்பு இருக்கிறதா என்று பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.