கூவத்தில் எதிர் எந்தப் பக்கம்?

கேள்வி: எதிர்நீச்சல் போட்டு ஜெயித்த நீச்சல் சாம்பியன்கள் பிறகு கோச் ஆனால் சோபிக்கிறார்களா சார்?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த ‘எதிர்நீச்சல்’ இல்லாமல் கேள்வியே கேட்க வராதா உங்களுக்கு? மனை விற்கிறவர் முதல் வார்டு கவுன்சிலர் வரை மைக்கைப் பிடித்த அத்தனை பேரும் எதிர்நீச்சல் போட்டுத்தான் முன்னுக்கு வந்தார்களாம். இத்தனை பேர் எதிரே வந்தால் தண்ணீரோடு போகிறவன் யார்? அதிலும் சென்னைக்காரர்கள் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு கூவம் பாதி நாள் நகராமல் கிடக்கிறது. நேப்பியர் பாலத்தடியில் குதித்தால் எதிர் எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்பீர்கள்? (குதிக்க வேண்டாம். சும்மா சொன்னேன்.) முன்பு ஒருதடவை இதை எழுதியபோது, ஒரு தமிழ்ப் பேராசிரியர் ‘அது உருவகம், உமக்குப் புரியாது’ என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். உருவகம்தான் ஐயா, தண்ணீரில் கால் வைக்காதவன் செய்த உருவகம். இங்கிலீஷ் கால்வாயில் இறங்குகிறவர்கள் ஓதத்தோடு, அதாவது கடல் ஏறி இறங்கும்போது வருகிற இழுப்போடு, முட்டிக்கொண்டிருப்பதில்லை. அது இழுக்கிற பக்கம் கொஞ்சம் போய், திசை மாறும்போது கூடவே திரும்பி, பாம்பு மாதிரி வளைந்துதான் கரை சேருகிறார்கள். 1994-ல் மீசை முளைக்காத வயதில் அதைக் கடந்தாரே நம்ம குற்றாலீஸ்வரன், அவரைக் கேளுங்கள்.

சரி, கோச்சுக்கு வருகிறேன். கெர்ட்ரூட் எடர்லி என்று ஒரு நியூயார்க் பெண். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், இரண்டு வெண்கலம். மறுவருஷம் கால்வாயில் இறங்கியபோது அவருக்கு வாய்த்த கோச் ஜேபஸ் வுல்ஃப், தானே 22 தடவை முயன்று ஒருதடவைகூட அக்கரையைத் தொடாதவர். அவர் சொல்லி, எடர்லியைப் பாதியிலேயே பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ‘நான் மூழ்கவில்லை, சும்மா மிதந்து இளைப்பாறினேன்’ என்று இந்தப் பெண் கடைசிவரை சண்டை. 1926-ல் கோச்சை மாற்றினார். இந்தத் தடவை பில் பர்ஜெஸ், 1911-ல் கால்வாயைக் கடந்தவர். பதினாலரை மணி நேரத்தில் அக்கரை! கடந்த முதல் பெண் என்பது ஒருபக்கம், அதுவரை ஆண்கள் வைத்திருந்த சாதனையைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவு.

ஆக, நீந்தியவரே நல்ல கோச் என்று முடித்துவிடலாம்தான். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த மாஸ்டர் மூங்கில் கழியோடு கரையிலேயே நிற்பார், அவர் நனைந்து நான் பார்த்ததில்லை. நான் இன்றுவரை கடப்பாரை நீச்சல்.

எடர்லிக்குச் சின்ன வயதில் வந்த அம்மையால் காது மந்தம், போகப்போக மோசமானது. பிற்பாடு அவர் நீச்சல் கற்றுக்கொடுத்தது காது கேளாத பிள்ளைகளுக்கு. விசில் ஊதி, ‘காலை உதைடா’ என்று கத்துகிற வித்தையெல்லாம் அங்கே செல்லாது. கோச்சும் தண்ணீரில் இறங்கித் தொட்டுக் காட்டினால்தான் உண்டு. என் மாஸ்டராக இருந்தால் இன்னும் நீளமாக ஒரு கழி வாங்கியிருப்பார்.