செருப்புக்கு எந்த வாக்கியம்?

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நடத்தும் டியூஷன் வாசலில் நீங்கள் ஒட்டிய ‘டூ நாட் லீவ் யுவர் ஷூஸ் ஹியர்’ பெற்றோருக்குச் சுருக்கென்று பட்டதில் வியப்பில்லை. ‘யுவர்’ வந்தாலே ஆளைப் பார்த்துச் சொல்வதாகிவிடும். அதற்காக, நீங்கள் கேட்கிற மாதிரி ‘ஷூஸ் ஷுட் நாட் பி லெஃப்ட் ஹியர்’ என்று செயப்பாட்டுவினைக்கும் போக வேண்டாம். சொல்பவர், கேட்பவர் இருவருமே அதில் காணாமல் போய், சுற்றறிக்கை வாடை வந்துவிடும். எம்ஆர்டி ரயிலில் ‘நோ ஈட்டிங் ஆர் டிரிங்கிங்’ என்று ஆளே இல்லாமல் எழுதினாலும் கூடவே 500 வெள்ளி அபராதம் நிற்கிறது. நீங்கள் யாருக்கு அபராதம் போட முடியும்?

‘ப்ளீஸ் லீவ் ஷூஸ் ஆன் த ரேக்’ போதும். இதுவும் ஏவல்தான், ஆனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அப்புறம், ரேக்கை வைக்கும்போது தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடுங்கள்.