படம் எடுக்கத் தெரியாது, காட்டத் தெரியும்: மேற்படிப்புக்குப் போகலாமா?

கேள்வி: "முள்ளியவளையில் வசிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் காட்டுகிறோம், முடிந்ததும் இருந்து கதைப்போம். படங்களைத் தெரிந்தெடுத்துத் திரையிடுவதையே வெளிநாட்டில் முதுகலையாகப் படிக்கலாம் என்று அறிந்தேன். எனக்குக் கமரா பிடிக்கத் தெரியாது. விண்ணப்பிக்கலாமா? காசுக்கு என்ன வழி?"

தாராளமாக விண்ணப்பிக்கலாம். இந்தப் படிப்புக்குக் கமரா தேவையில்லை. எந்தப் படத்தை, யாருக்கு, எந்தப் படத்தோடு சேர்த்து, ஏன் இப்போது காட்டுகிறோம் என்பதுதான் பாடம். அதோடு திரையிடும் உரிமை பெறுவது, செலவுக் கணக்குப் போடுவது, விழா நடத்துவது, பழைய படச்சுருள்களைப் பேணுவது எல்லாம் வரும்.

பிரித்தானியாவில் கிளாஸ்கோ, எடின்பரோ பல்கலைக்கழகங்களும் லண்டன் பேர்க்பெக்கும் இந்தத் துறையில் முதுகலை நடத்தி வந்திருக்கின்றன. லண்டனுக்கு வெளியே பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தேசிய திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி, பிரித்தானியத் திரைப்படக் கழகத்தோடு சேர்ந்து ஒன்று நடத்துகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடப் படிப்பு, அதில் பேணுதலுக்குக் கூடிய இடம். இத்தகைய சிறிய படிப்புகளைச் சில வருடங்களில் நிறுத்தியும் விடுவார்கள். ஆகவே நீங்கள் போக நினைக்கும் வருடத்துக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

சரி, தெரிவுக் குழுவுக்கு எதைக் காட்டுவது? "சின்ன வயதில் இருந்தே சினிமா என்றால் உயிர்" என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஒரு திரையிடல் தொடரை யோசித்து, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

1948இல் லூக்கினோ விஸ்கொந்தி எடுத்த 'லா தெரா திரேமா' சிசிலித் தீவின் மீனவக் கிராமம் ஒன்றில், அந்த ஊர்ச் சனங்களையே நடிக்க வைத்து, அவர்களுடைய பேச்சுமொழியிலேயே எடுக்கப்பட்டது. மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட்டுத் தாங்களே தொழில் செய்ய வீட்டை ஈடு வைக்கிறது ஒரு குடும்பம். புயலில் படகு போகிறது. படகும் வலையும் வைத்திருக்கும் முதலாளியான சம்மாட்டியிடம் கடன்பட்ட ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. அதோடு 1934இல் வந்த ரொபேர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'மான் ஒஃப் அரான்' படத்தை வையுங்கள். அயர்லாந்துத் தீவொன்றின் வாழ்க்கை என்று சொல்லி எடுத்த படம். ஆனால் அதில் வரும் சுறா வேட்டையை அந்தத் தீவார் கைவிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. படத்துக்காகத் திரும்பப் பழக வேண்டியிருந்தது. மூன்றாவதாக, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் போனில் எடுத்த கரைவலைக் காட்சி பத்து நிமிடம். மூன்றும் சேரும்போது மீனவனின் கதையை யார், யாருக்காகச் சொல்கிறார் என்ற கேள்வி தானாக எழும். ஒவ்வொரு படத்துக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள். விஸ்கொந்தியின் படம் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், இடைவேளை எங்கே விடுவது என்றும் முடிவெடுங்கள். இப்படியான சின்ன முடிவுகளில்தான் உங்கள் திறமை தெரியும்.

அப்புறம் மொழி. நல்ல பிரதி கிடைத்தாலும் சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருக்கும், அம்மம்மாமார் எழும்பிப் போய்விடுவார்கள். தமிழில் நீங்களே எழுதுங்கள், 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வசனத்தைச் சுருக்கப் பழக வேண்டும். எழுத்தைப் பெரிதாகவும், பின்னால் கறுப்புப் பட்டி வைத்தும் போடுங்கள். மாரியில் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் வசனம் ஒன்றும் கேட்காது, அன்று அந்த எழுத்துத்தான் கைகொடுக்கும். தமிழில் சப்டைட்டில் செய்த அனுபவம் விண்ணப்பத்திலும் கனதியாக நிற்கும்.

உரிமை விஷயத்தில் கவனம். யூடியூப்பில் கிடைப்பதாலேயே மண்டபத்தில் காட்ட உரிமை வந்துவிடாது. இயக்குநருக்கோ விநியோகத்தருக்கோ மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். சின்ன ஊர், இலவசக் காட்சி என்றால் சிலர் கட்டணமில்லாமல் தருவார்கள். இலங்கையில் பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழ் விதியும் உண்டு, அதையும் விசாரியுங்கள். வந்த பதில்களைச் சேர்த்து வையுங்கள்.

வன்னியில் இருந்து எழுதும் ஒருவரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது 2009 இறுதிப் போரின் காட்சிகளைப் பற்றி. அவற்றை ஒரு விழாவில் காட்டுவதும், முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்து ஊரில் காட்டுவதும் ஒன்றாகாது. திரையில் கிடக்கும் உடலைத் தன் பிள்ளையோ என்று தேடும் தாய் அந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கதவைப் பூட்டாதீர்கள். முடிந்த கையோடு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், இருந்து கதைக்க ஆளும் நேரமும் வையுங்கள். சில காட்சிகளைக் காட்டாமல் விடுவதும் தெரிவுதான். இதைப் பற்றி நீங்கள் யோசித்ததை ஒளிக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஒருவேளை உங்கள் மனம் திரையிடலை விட வீடுகளில் மிஞ்சியிருக்கும் கலியாண வீட்டு, கோயில் திருவிழாக் கசற்றுகளில் இருந்தால் ஆம்ஸ்டர்டாம் பொருத்தம். மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2015 முதல் நடத்தும் பேணுதல் பட்டறைகளுக்கு இலங்கையில் இருந்தும் ஆட்களை எடுக்கிறார்கள். ஆனால் படித்து முடியும்வரை கசற்றைக் காக்க வைக்க வேண்டாம். நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஓட்டிப் பார்க்க டெக்கும் கிடைக்காமல் போகும். இப்போதே பிரதி எடுங்கள்.

காசுக்கு வருவோம். காணி உறுதியை ஈடு வைத்துப் போக வேண்டாம். படிப்பு முடிந்து வந்தால் இந்தப் பெயரில் இங்கே உத்தியோகம் காத்திருக்காது. விழா, கலை நிறுவனம், ஆவணக் காப்பகம், விரிவுரை என்று நீங்களே வேலையை உருவாக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் கடனும் சேர்ந்தால் தாங்காது. முழுச் செலவும் தரும் புலமைப்பரிசிலுக்கே முயலுங்கள். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், படித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்பார்கள், தொண்டு வேலையையும் கணக்கில் எடுப்பார்கள். மாதம் ஒரு படம் காட்டி மட்டும் அது நிரம்பாது. ரியூசன் கொடுத்தாலும் அலுவலகத்தில் நின்றாலும் அதையும் சேருங்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசிலையும் பாருங்கள்.

இந்த வருடமே விண்ணப்பிக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஐஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தப்படவும் காலம் வேண்டும், அநேக இடங்களில் 6.5 அல்லது 7 கேட்பார்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவில் தொண்டராக நிற்கக் கேட்டுப் பாருங்கள். சனசமூக நிலையத்தில் ஒரு கொப்பி வைத்து, திகதி, படம், வந்தவர் தொகை, என்ன கதைத்தார்கள், எத்தனை மணித்தியாலம் வேலை என்று ஒவ்வொரு காட்சிக்கும் எழுதி, செயலாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். அடுத்த காட்சியில் இருந்தே தொடங்கலாம்.