கார் இல்லாமல் அல்சாஸ்: வாசகர் கேள்விகள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது அல்சாஸ். அங்கே ரயிலையும் பஸ்ஸையும் மட்டும் நம்பிச் சுற்றலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நானும் மனைவியும் ஐந்து நாள் தங்கப்போகிறோம். இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. ஸ்ட்ராஸ்பூரில் அறை எடுப்பதா, கொல்மாரிலா?

பதில்: இரண்டிலும் எடுங்கள். ஸ்ட்ராஸ்பூரில் இரண்டு இரவு, கொல்மாரில் மூன்று. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. முக்கிய ரயில் பாதை சமவெளியில் வடக்கு தெற்காக ஓடுகிறது: ஸ்ட்ராஸ்பூர், செலெஸ்தா, கொல்மார், முலூஸ், பாஸல். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து கொல்மாருக்கு அரை மணி நேரம்தான். வார நாட்களில் ஏறக்குறைய அரை மணிக்கொரு ரயில் உண்டு. ஆனால் நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படும் திராட்சைத் தோட்டக் கிராமங்கள் இந்தப் பாதையில் இல்லை. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கின்றன. ஆகவே ரயிலால் தொல்லை வராது, அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்தான் படுத்தும். ரிக்வீர், கெய்ஸர்ஸ்பெர்க் போன்ற ஊர்களுக்குக் கொல்மாரிலிருந்துதான் பஸ்.

ஒபெர்னே, பார், தம்பாக்-லா-வில் மூன்றும் விதிவிலக்கு. மொல்ஸைம் வழியாகச் செலெஸ்தா போகும் கிளைப்பாதையில் இவற்றுக்கு ரயில் நிலையமே உண்டு. இவற்றை ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஒபெர்னேயில் நிலையத்திலிருந்து பழைய ஊர் சில நிமிட நடைதான். பார் ஊருக்குத் தெற்கே ரயில்கள் குறைவு, திரும்பும் ரயிலைப் பார்க்காமல் தம்பாக்கில் இறங்காதீர்கள்.

அழகாக இருக்கிறதே என்று ரிக்வீரிலேயே அறை எடுப்பவர்கள் உண்டு. பகலில் பரவாயில்லை. மாலையில் கடைசி பஸ் போனபின் ஊரை விட்டு நகர முடியாது.

கேள்வி: கிராமத்து பஸ்களை நம்ப முடியாது என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். எந்த நாளில் வரும் என்பதில்தான் ஏமாறுகிறார்கள். இந்தத் தடங்களில் பல, பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து ஓடுபவை. அட்டவணையின் தலைப்பில் சிறிய எழுத்தில் மூன்று சொற்களைத் தேடுங்கள். ‘பெரியோத் ஸ்கோலேர்’ என்றால் பள்ளி நாட்கள், ‘வகான்ஸ் ஸ்கோலேர்’ என்றால் பள்ளி விடுமுறை, ‘திமான்ஷ் எ ஃபெத்’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். மணி 12.15 என்று போட்டிருக்கும், அதற்கு மேலே புதன் மட்டும் என்று ஒரு குறி இருக்கும். புதனன்று பல பள்ளிகள் அரை நாள், அதற்கான பஸ் அது. வியாழனன்று அதே நிறுத்தத்தில் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். பிரான்சில் பள்ளி விடுமுறைத் தேதிகள் மண்டலத்துக்கு மண்டலம் மாறும்; ஸ்ட்ராஸ்பூர் கல்வி வட்டாரம் பி மண்டலத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களே விழும் பள்ளம் இன்னொன்று உண்டு. புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் அல்சாஸிலும் பக்கத்து மொசெல்லிலும் மட்டும் விடுமுறை. 1871 முதல் 1918 வரை இந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது, அப்போது வந்த சட்டம் இன்னும் நிற்கிறது. அந்த இரண்டு நாளும் பஸ்ஸுக்கு ஞாயிறு அட்டவணைதான். (ரயில் பாதையிலும் அந்த ஜெர்மன் காலத்தின் மிச்சம் உண்டு. மற்ற பிரான்சில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுபவை இங்கே வலப்பக்கம் ஓடுகின்றன.) மே 1 அன்று ஸ்ட்ராஸ்பூரின் டிராமும் நகர பஸ்ஸும் ஓடாது. அன்றைக்கு ரயிலில் வந்து இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் விடுதி இருக்கட்டும்.

திட்டத்தைத் திரும்பும் பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். கடைசி பஸ் எப்போது, அதற்கு முந்தியது எப்போது என்று பாருங்கள். முந்தியதைத்தான் உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியானது அவசரத்துக்கு. நிறுத்தத்தில் ஒரே பெயர் சாலையின் இரு பக்கமும் இருக்கும். கம்பத்தில் எழுதியிருக்கும் சேருமிடத்தைப் படித்துவிட்டு நில்லுங்கள். பஸ் கண்ணில் பட்டதும் கையை நீட்டுங்கள், பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓட்டுநர் போய்விடுவார். அவரிடம் டிக்கெட் வாங்கச் சில்லறை வேண்டும். அட்டவணையில் தொலைபேசிப் படம் போட்டிருந்தால் அது முன்பதிவு செய்தால் மட்டுமே வரும் வண்டி. பெரும்பாலும் முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில் ரிபோவில்லே, ரிக்வீர் இரண்டையும் பார்க்க முடியுமா? ரிபோவில்லேக்கு ரயில் நிலையம் இருப்பதாகத் தெரிகிறதே.

பதில்: அந்தப் பெயரை நம்பி இறங்கிவிடாதீர்கள். ‘ரிபோவில்லே’ நிலையம் இருப்பது கேமார் என்ற பக்கத்து ஊரில். ஊருக்குள் வர நான்கைந்து கிலோமீட்டர் வெறும் சாலை. பஸ்ஸிலேயே ரிபோவில்லே போய்விடுங்கள். அங்கிருந்து ஊனாவீர் வழியாக ரிக்வீருக்கு நடந்தே போகலாம். சுமார் 5 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி. வழி முழுக்கத் திராட்சைக் கொடிகள், நடுவே ஊனாவீரில் மதில் சூழ்ந்த மேட்டுத் தேவாலயம். இந்த நடைதான் காரில் வருகிறவர்களுக்குக் கிடைக்காதது. 1872-ல் தொடங்கிய வோஜ் மலையேற்றச் சங்கம் வழி நெடுகிலும் வண்ணக் குறிகள் வைத்திருக்கிறது, எந்த நிறத்தைப் பிடித்தீர்களோ அதையே பின்பற்றுங்கள். நிழல் கிடையாது. கோடையில் காலையிலேயே கிளம்பி, ரிக்வீரிலிருந்து பிற்பகல் பஸ்ஸில் கொல்மார் திரும்புங்கள்.

கேள்வி: டிக்கெட்டை எத்தனை நாள் முன்னால் வாங்க வேண்டும்?

பதில்: அதிவேக ரயிலான டிஜிவி வேறு, வட்டார ரயிலான டிஇஆர் வேறு. பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு டிஜிவியில் இரண்டு மணிக்கும் குறைவு. விலை நாளாக ஆக ஏறும், தேதி உறுதியானதும் வாங்கிவிடுங்கள். கதவைப் புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் சாமான் பெட்டியில் பெயர்ச்சீட்டு கட்டாயம்.

டிஇஆருக்கு இருக்கை எண் இல்லை. சாதாரண டிக்கெட்டின் விலை முன்னால் வாங்கினாலும் அன்று வாங்கினாலும் ஒன்றே. ஒன்று தவறவிட்டால் அதே டிக்கெட்டில் அன்றைய அடுத்த டிஇஆரில் ஏறலாம். பிரெஞ்சு ரயில்வேயின் எஸ்என்சிஎஃப் கனெக்ட் செயலியிலோ நிலைய இயந்திரத்திலோ வாங்குங்கள். காகித டிக்கெட்டில் ‘ஆ கொம்போஸ்தே’ என்று அச்சிட்டிருந்தால் ஏறும் முன் பிளாட்பாரத்துப் பக்கம் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். ஸ்ட்ராஸ்பூர் டிராமிலும் இதே பழக்கம்: முத்திரை இயந்திரம் நிறுத்தத்தில் இருக்கிறது, வண்டிக்குள் இல்லை. உள்ளே போய்த் தேடுகிறவர்களிடம்தான் பரிசோதகர் அபராதம் வாங்குகிறார்.

இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து வார இறுதியில் சுற்றுவதாக இருந்தால், தனித்தனியாக வாங்கும் முன் கவுண்டரில் குழு நாள் டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டைக்கு டாக்ஸிதான் வழியா?

பதில்: வேண்டாம். செலெஸ்தா நிலையத்து வாசலிலிருந்து கோட்டைக்கு ஷட்டில் பஸ் போகிறது. சுற்றுலாப் பருவத்தில் வார இறுதி, விடுமுறை நாட்களில் ஓடும், உச்சக் கோடையில் அதிகம். பஸ் டிக்கெட்டைக் கோட்டைக் கவுண்டரில் காட்டினால் நுழைவுக் கட்டணம் குறையும், எறிந்துவிடாதீர்கள். ஷட்டில் இல்லாத நாளில் அடிவாரத்து ஊரான கின்ட்ஸைமிலிருந்து காட்டுப் பாதையில் ஏறலாம். ஆனால் கோட்டை இருப்பது 757 மீட்டர் உயரத்தில், ஏற்றம் மட்டும் 500 மீட்டருக்கு மேல். மூட்டு வலி உள்ளவர்கள் நாளை மாற்றிக்கொள்வதே மேல்.

கேள்வி: வயதான அம்மாவுடன் பாஸல்-முலூஸ் விமான நிலையத்தில் இறங்குகிறோம். கொல்மாருக்கு எப்படி?

பதில்: அந்த நிலையத்துக்கு இரண்டு வாசல், ஒன்று பிரான்ஸ் பக்கம், ஒன்று சுவிஸ் பக்கம். பிரான்ஸ் பலகையைப் பார்த்து வெளியே வாருங்கள். வாசலில் ஸேன்-லூயி ரயில் நிலையத்துக்குப் பஸ், பத்து நிமிடப் பயணம். அங்கிருந்து டிஇஆர். சுவிஸ் வாசலில் வந்தால் பஸ் பாஸல் நகருக்குள் போய்விடும், அங்கே ரயில் நிலையத்தில் பிரெஞ்சு ரயில்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பெட்டிகளோடு நீளமாக நடக்க வேண்டும்.

கேள்வி: ரயில்வே வேலைநிறுத்தம் என்றால் என்ன செய்வது?

பதில்: பதற வேண்டாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர்கள் 48 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும், அதனால் மறுநாள் எந்த ரயில் ஓடும் என்பது முந்தின நாள் மாலை 5 மணிக்குச் செயலியில் வந்துவிடும். முக்கியப் பாதையில் சில ரயில்களாவது பெரும்பாலும் ஓடும், முதலில் அடிபடுவது கிளைப்பாதைகள். அன்றைக்கு ஒபெர்னேயை விட்டுவிட்டு, ஸ்ட்ராஸ்பூரின் டி தட டிராமில் ரைனைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குப் போய்வரலாம். 2017 முதல் டிராம் அங்கே போகிறது. எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.