லங்கா சமசமாஜக் கட்சி: கேள்வி பதில்

கே: ஐயா, கட்சி எப்படித் தோன்றியது?
ப: நவம்பர் 11 போர் நினைவு நாளில் பொப்பி மலர் விற்ற காசில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. அதை எதிர்த்துப் பூவரசம் பூ விற்றதுதான் 'சூரியமல்' இயக்கம். அந்த இளைஞர்களே 1934-35 மலேரியாவில் கிராமம் கிராமமாக மருந்து கொண்டுபோனார்கள். 1935 டிசம்பரில் கட்சி தொடங்கினார்கள்.

கே: ஜே.வி.பி.யும் (மக்கள் விடுதலை முன்னணி) இவர்களும் ஒன்றா?
ப: இல்லை. ஜே.வி.பி. 1965இல் தொடங்கியது.

கே: ட்ரொட்ஸ்கியக் கட்சி என்கிறார்களே?
ப: ஆம். ஸ்டாலினை எதிர்த்த ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கியைப் பின்பற்றினார்கள். ஸ்டாலின் வழியை ஏற்காமல், 1940இல் ஸ்டாலின் ஆதரவாளர்களைக் கட்சியிலிருந்து வெளியேற்றினார்கள்.

கே: (ஹட்டனிலிருந்து) மலையகத்துக்கு என்ன செய்தார்கள்?
ப: எந்த ஆண்டைக் கேட்கிறீர்கள்? இந்தக் கட்சியைப் பற்றி ஆண்டு சொல்லாமல் பேசவே கூடாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணையில் அவர் மனைவிக்காக வாதாடியவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று கொல்வின் எச்சரித்தது அப்போதுதான்.

அப்புறம் 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தார்கள், கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். ட்ரொட்ஸ்கியர்களின் உலக அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. அதே அக்டோபரில், மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தை அந்த அரசுதான் செய்தது.

கே: ஜே.வி.பி.யோடு தொடர்பு உண்டா?
ப: மேலே சொல்லிவிட்டேன். ஜே.வி.பி.யின் 1971 கிளர்ச்சியை அடக்கிய அரசில் சமசமாஜிகள் அமைச்சர்கள்.

கே: 1964ஐ மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள். கூட்டணி இல்லாமல் எதைச் சாதிக்க முடியும்?
ப: தம்பி, அமைச்சுப் பதவிக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 1966 ஜனவரியில், அரச கருமங்களில் தமிழுக்கு இடமளித்த தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் இவர்களும் இருந்தார்கள். 1972 அரசியல் யாப்பை ஆக்கிய அமைச்சர் அதே கொல்வின். பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் அரச கரும மொழி, பழைய யாப்பில் சிறுபான்மைக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு நீக்கம். முல்லோயாவில் நின்ற மனிதர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் என்னால் இன்றும் ஆற முடியவில்லை.

கே: அவருக்கு வேறு வழி இருந்ததா?
ப: இருந்தது. 1964இலேயே எட்மண்ட் சமரக்கொடி போன்றவர்கள் கூட்டணியை ஏற்காமல் பிரிந்து போனார்கள்.

கே: தமிழ்நாட்டோடு தொடர்பு?
ப: யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை இந்தக் கட்சியிலிருந்து போனவர். 1947 சென்னை பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

கே: இப்போது பலம் எப்படி?
ப: 1977 தேர்தலில் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அதிலிருந்து எழவேயில்லை.