காட்டு இலையைத் தென்னையில் கட்டலாமா?

கேள்வி: ஐயா, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் விளை இருக்கிறது. பாதி தென்னை, பாதி ரப்பர். இடையில் கொஞ்சம் மரச்சீனி, மட்டி வாழை. வேலியோரம் காப்பியும் நல்லமிளகும். நான்கைந்து ஆண்டுகளாகத் தேங்காயின் காம்புப் பக்கம் பழுப்பாகச் சொறி விழுந்து, காய் சிறுத்து, உரிப்பதற்குள் கை வலித்துவிடுகிறது. சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி காட்டோரச் செடிகளிலும் எங்கள் ரப்பரிலும் இலைகளைப் பறித்து, காகிதத்தின் மேல் தட்டி, எதையோ சின்னக் குப்பிகளில் எடுத்துப் போனார். பூச்சியைத் தின்னும் சிலந்திகளைக் கணக்கெடுக்கிறாராம். காட்டில் அவை பல வகை இருக்கின்றனவாம். அப்படியானால் காட்டு இலைகளைக் கொண்டுவந்து தென்னையில் கட்டிவிட்டால் இந்தச் சொறி நோய் குறையுமா? அல்லது அந்தச் சிலந்தியை விலைக்கு வாங்கி விடலாமா?
ஒரு வாசகி, திருவட்டாறு வட்டம்

பதில்: அம்மா, காட்டு இலை வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருப்பது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. அப்படியே கொண்டுவந்தாலும் நல்ல சிலந்தி மட்டும் தனியாக வராது, மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் கூடவே வரும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காட்டு மரத்து இலையில் மகரந்தமும் பூசண நூலும் தின்று பழகிய சிலந்திக்கு, ஐம்பதடி உயரத்தில் தேங்காய்க்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைத் தேடிப் போகும் அவசியமே இல்லை. கட்டிய இலை காய்ந்ததும் அதுவும் காய்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் நினைத்ததில் பாதி சரி. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் காயில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஈரியோபைட் சிலந்தி. சிலந்தி என்றதும் வலை பின்னும் எட்டுக்காலியை நினைக்க வேண்டாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு நாம்தான் குழம்புகிறோம். இது வெள்ளையாக, புழுவைப் போல நீண்டு, தலைப்பக்கம் இரண்டே இணைக் கால்களுடன் இருக்கும். வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டரில் நான்கைந்து நிற்கும். மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு 1965இல் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது. இந்தியாவில் முதலில் கண்டது 1998இல், எர்ணாகுளம் மாவட்டத்தில். எல்லை தாண்டி நம் மாவட்டத்துக்கு வர அதற்குப் பஸ் டிக்கெட் தேவைப்படவில்லை, காற்றே போதும்.

குரும்பையின் காம்பை ஒட்டித் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில்தான் இது குடும்பம் நடத்துகிறது. அங்கே உள்ள இளந்தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கிறது. முதலில் தொப்பியின் ஓரத்தில் வெளுத்த முக்கோணத் திட்டு, பிறகு பழுப்பு, பிறகு காய் பெருக்கப் பெருக்க வெடிப்பும் பிசினும். மூன்று நான்கு மாதக் காயில்தான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் சொறியைப் பார்த்து வருந்தும் முற்றிய காயில் அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தக் காயின் மேல் மருந்தடிப்பது வீண்.

இனி அந்த மாணவி தேடிய ஆட்கள். செடிகளில் வாழும் இரைவிழுங்கிச் சிலந்திகளில் பெரும்பாலானவை பைட்டோசீயிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 2,500 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரிக்காய் வடிவம், மெழுகுப் பளபளப்பு, வெளிர் மஞ்சள் நிறம். இலைச்சாறு குடிக்கும் செம்பேன் என்ற சிலந்தியைத் தின்றிருந்தால் வயிறு மட்டும் சிவந்து தெரியும். கண் கிடையாது, முன்னங்கால்களைக் குருடர் கோல் போல நீட்டித் தடவிக்கொண்டே ஓடும். அந்த ஓட்டம்தான் உங்களுக்கு அடையாளம். செடியைத் தின்னும் சிலந்தி இருந்த இடத்தில் மந்தமாக நகரும். இது ஊதினால் இலையின் மறுபக்கம் போய்விடும். எனக்கும் தொடக்கத்தில் இந்த வேறுபாடு பிடிபடவில்லை. கொல்லைப்புறத்துக் கொய்யாவில் ஓடிய நல்ல சிலந்திகளையெல்லாம் செம்பேன் குஞ்சு என்று நினைத்து மருந்தடித்தேன்; அடுத்த மாதம் உண்மையான செம்பேன் வந்து கொய்யாவைத் துவைத்தது.

தென்னையின் தொப்பிக்குள் நுழையக்கூடிய இரைவிழுங்கியும் இருக்கிறது. நியோசியூலஸ் பராக்கி என்று பெயர். தட்டையாக, நீளமாக, அந்தச் சந்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனாலும் புதுக் குரும்பையின் இறுக்கமான சந்தில் அதனால் நுழைய முடியாது. ஈரியோபைட் தின்னத் தொடங்கிய பிறகு தொப்பிக்கும் காய்க்கும் நடுவே இடைவெளி சற்று விரிகிறது. அப்போதுதான் இது உள்ளே போகிறது. பந்தி பாதி முடிந்த பிறகு வந்து சேரும் விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இது ஒன்றே உங்கள் தோப்பைக் காப்பாற்றிவிடாது என்பதற்கும், இது இல்லாத தோப்பில் நிலைமை இன்னும் கெடும் என்பதற்கும் காரணம் இந்தச் சந்துதான். உதிர்ந்த குரும்பைகளில் நாலைந்தைப் பொறுக்கி, இதழ்களை ஒவ்வொன்றாக உரித்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். வெள்ளை மாவு தூவியது போலத் தெரிந்தால் ஈரியோபைட். அதற்கு நடுவே பளபளவென்று ஏதாவது ஓடினால், உங்கள் விளையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

விலைக்கு வாங்குவதைப் பற்றி: இரைவிழுங்கிச் சிலந்திகளை வளர்த்து விற்பது மேல்நாட்டுக் கண்ணாடிக் குடில்களில் பழைய வழக்கம். ரோஜாவோ வெள்ளரியோ, கைக்கெட்டும் உயரத்தில், நான்கு சுவருக்குள். தென்னை அப்படியல்ல. இலங்கையில், லுனுவிலயில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பராக்கியைப் பெருமளவில் வளர்த்துத் தோப்புகளில் விட்டிருக்கிறார்கள். அது ஒரு நிறுவனம் செய்யும் வேலை. நீங்கள் ஒரு பொட்டலம் வாங்கி ஐம்பது மரத்துக்குப் பங்கிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அந்தப் பணத்துக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்குங்கள்.

இப்போது அந்தப் பாதிச் சரிக்கு வருகிறேன். காட்டையும் வளர்த்த தோட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கணக்கெடுக்கும் இடங்களில் பொதுவாகக் காட்டில்தான் இனங்கள் அதிகம் கிடைக்கும். ஆனால் பல இனங்கள் ஓரிரண்டு எண்ணமே அகப்படும். தோட்டத்தில் இனங்கள் குறைவு, இருக்கிற ஒன்றிரண்டு இனம் கூட்டமாக இருக்கும். காரணம் இலையிலேயே இருக்கிறது. உங்கள் காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பும் கிளைநரம்பும் சேரும் மூலைகளில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவை இரைவிழுங்கிகளுக்குச் செடியே கட்டிக் கொடுத்த வீடு. மஞ்சணத்தியிலும் நரம்பு மூலையில் மயிர்க்கற்றையாக இதே ஏற்பாடு உண்டு. காட்டில் இப்படிக் குழி, மயிர், மகரந்தம், தேன்சுரப்பி என்று மரத்துக்கு ஒரு வசதி. தோட்டத்தில் ஒரே வகை இலை.

ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசான் காட்டிலிருந்து வந்த மரம். பிரேசிலில் கலகாரஸ் ஹெவியே என்ற சிலந்தி ரப்பர் இலையையே உதிர்த்துவிடும். அதனால் அங்கே ரப்பர் தோட்டத்தையும் அதை ஒட்டிய இயற்கைக் காட்டையும் சேர்த்தே ஆராய்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் இரைவிழுங்கிகளைத் தேடுகிறார்கள். நம் ஊரில் ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம் ரப்பர் டிசம்பர், ஜனவரியில் மொட்டையாக நிற்கிறதே, அந்த வாரங்களில் அதன் இலையில் இருந்த நல்ல சிலந்திகள் எங்கே போகும்? சருகோடு விழும், அல்லது பக்கத்தில் பச்சை இருந்தால் அங்கே ஒதுங்கும். வேலியோரக் காப்பியும் ஆமணக்கும் செம்பருத்தியும் அந்த நேரத்தில் சத்திரம் மாதிரி. காடு உங்களுக்கு உதவுவதும் இந்த வழியில்தான்: இலையைப் பறித்துக் கட்டுவதால் அல்ல, ஓரத்தில் பச்சை அறுபடாமல் இருப்பதால்.

சீனாவில் நாரத்தைக் குடும்பத் தோட்டங்களில் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஊதா நிறச் சிறு பூங்கொத்துடன், கசக்கினால் ஆட்டு வாடை அடிக்கும் அஜெரேட்டம் என்ற களையை மரங்களுக்கு அடியில் வளரவிட்டு, அதன் மகரந்தத்தில் இரைவிழுங்கிகளைப் பெருக்கிச் செம்பேனை அடக்கினார்கள். அந்தக் களை உங்கள் மரச்சீனிப் பாத்தியிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். முழுவதையும் விட்டுவையுங்கள் என்று சொல்லவில்லை. மரத்தடி வட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு பட்டை விடுங்கள். எல்லாப் பட்டையையும் ஒரே நாளில் செதுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகச் செதுக்குங்கள். வேலியில் நான்கு ஆமணக்கு நில்லட்டும். யூசியஸ் வகை இரைவிழுங்கிகளுக்கு ஆமணக்கு மகரந்தம் பிடித்த சோறு. ஆய்வுக்கூடத்திலேயே அதைக் கொடுத்துத்தான் வளர்க்கிறார்கள்.

தென்னை ஓலையின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். அங்கே ராயோயெல்லா இண்டிகா என்ற செஞ்சிலந்தி இருக்கும். கோயம்புத்தூரில் தென்னையில் கண்டு 1924இல் பெயரிட்டது. நம்மிடம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும் இது, 2004இல் கரீபியன் தீவுகளில் நுழைந்ததும் அங்குள்ள தென்னை ஓலைகளைப் பழுக்க வைத்தது. அம்பிளிசியஸ் லார்கோயென்சிஸ் என்ற இரைவிழுங்கி இதைத் தின்னும். பாக்கு மரம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நல்ல சிலந்தியைக் கொல்வது எது என்பதுதான் உங்கள் விளையில் நான் முதலில் கேட்க நினைப்பது. ரப்பர் தளிர்க்கும்போது சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவுகிறீர்களா? கந்தகம் சிலந்தி இனத்துக்கே எமன். நல்லது கெட்டது பார்க்காது. தளிரில் நோய் இருந்தால் தூவித்தான் ஆக வேண்டும், ஆனால் காற்றடிக்கும் திசையில் உங்கள் தென்னை இருக்கும் நாளில் வேண்டாம். வாழை இலைப்புள்ளிக்கு மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் இவற்றைக் குறைக்கும். மரச்சீனியில் செம்பேன் வந்ததும் கடைக்காரர் பைரித்ராய்டு மருந்தை நீட்டினால் வாங்காமல் வாருங்கள். இரைவிழுங்கி செத்து, செம்பேன் இரட்டிப்பாக வரும்.

தென்னைக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, தொழுவுரம் 50 கிலோ கொடுங்கள். உரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு மழைக்கும் வையுங்கள். போராக்ஸ் 50 கிராம், ஜிப்சம் 1 கிலோ, மெக்னீசியம் சல்பேட் அரைக் கிலோவும் சேரட்டும். பொட்டாஷ் அதிகமாகத் தோன்றும். ஈரியோபைட்டைத் தாங்குவதற்காகவே கூட்டிச் சொல்லியிருக்கிறது. மருந்து என்று கேட்டால், வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் மருந்தில் 1 சதவீதக் கரைசல் 10 மில்லியை அதே அளவு தண்ணீரில் கலந்து உறையில் ஊற்றி, இளவேர் அதில் மூழ்கும்படி ஆண்டுக்கு மூன்று முறை கட்டுங்கள். இலையின் மேல் விழாததால் இரைவிழுங்கிக்கு நேரடித் தொந்தரவில்லை. மரமேறுபவர் கிடைத்தால், லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்து வடித்த பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம் கலந்து இளங்குலைகளில் மட்டும் படும்படி அடிக்கலாம்.

கணக்கெடுப்பை நீங்களே செய்ய முடியும். பிப்ரவரியில் ஒரு நாள், மே மாதத்தில் ஒரு நாள், மழை ஓய்ந்த டிசம்பரில் ஒரு நாள். அடைமழைக் காலத்தில் வேண்டாம், இலை கழுவிவிட்டது போல இருக்கும். காப்பி, ஆமணக்கு, மரச்சீனி, ரப்பர், களைப் பட்டை என ஐந்து இடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து இலை. வெள்ளைத் தட்டின் மேல் கிளையைப் பிடித்துப் பத்துத் தட்டுத் தட்டி, ஓடுவதையும் நகர்வதையும் தனித்தனியே எண்ணி நோட்டில் எழுதுங்கள். தட்டினால் விழாதவை நரம்பு மூலையில் இருக்கும், அதற்குக் கைவில்லை.

பெயர் தெரிய வேண்டுமானால், ஈரத் தூரிகை நுனியால் தொட்டெடுத்து, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய காலி ஹோமியோபதிக் குப்பியில் போடுங்கள். ஓர் இடத்திலிருந்து குறைந்தது பத்து வேண்டும். முதுகு முட்களின் அமைப்பையும் பெண் சிலந்தியின் உள்ளுறுப்பு வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் சொல்வார்கள், குஞ்சுகளை வைத்துச் சொல்ல முடியாது. செடி, இடம், தேதி மூன்றையும் சிறு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே கொடுத்து, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கு அனுப்பச் சொல்லலாம். அந்த மாணவி மறுபடி வந்தால், உங்கள் ரப்பரில் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலை உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையது. அந்தப் பட்டியலையும் உங்கள் பிப்ரவரி எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்; எந்தப் பட்டையை விட்டுவைப்பது, எதைச் செதுக்குவது என்று அதன் பிறகு பேசலாம்.