மோருலாவில் சிடிஎக்ஸ்2 சுழியமாக வருவது பற்றி

மனிதக் கருவின் ஒற்றைச் செல் தரவில் (ஒவ்வொரு செல்லிலும் உள்ள ஆர்என்ஏவை அளந்து, எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் தரவில்) சிடிஎக்ஸ்2 (CDX2) சுழியமாக வருகிறதே, கணக்கில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். நஞ்சுக்கொடியாக வளரும் புறச் செல்களின் அடையாளமான மரபணு அது. உங்கள் கணக்கில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. மனிதக் கருவின் 4ஆம் நாள் மோருலாவில் (குழிவு தோன்றாத செல் உருண்டையில்) சிடிஎக்ஸ்2 சுழியமாக வருவது எதிர்பார்க்கத்தக்கதே. அடுத்த நிலையான பிளாஸ்டோசிஸ்ட்டில் நீர்க்குழிவு தோன்றிய பிறகு, ஏறத்தாழ 5ஆம் நாளில்தான் அது தலைகாட்டும்.

குழப்பத்தின் வேர் பாடநூலாக இருக்கலாம். பாளையங்கோட்டையில் நாங்கள் படித்தபோதும் கருவியல் என்றால் சுண்டெலிதான். சுண்டெலியின் புறச் செல்களில் ஹிப்போ சமிக்ஞை (யாப் என்ற புரதத்தை உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கும் செய்தித்தொடர்) அடங்கியதும், யாப் புரதம் உட்கருவுக்குள் புகுந்து, டீட்4 (TEAD4) புரதத்துடன் சேர்ந்து, மோருலா நிலையிலேயே சிடிஎக்ஸ்2 மரபணுவை எழுப்பிவிடும். மனிதக் கருவிலும் யாப் உட்கருவுக்குள் புகுகிறது. ஆனால் அந்தப் புறச் செல்களில் சிடிஎக்ஸ்2-ஐ முந்திக்கொள்வது காட்டா3 (GATA3) என்ற மரபணு என்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, அதே செல்களில் காட்டா3 அளவை எடுத்துப் பாருங்கள். சில செல்களில் மட்டும் அது உயர்ந்திருந்தால் அவை புறச் செல்களாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதுவும் எங்கும் சுழியம் என்றால், செல்களுக்கு இட்ட பெயர்களையும் வாசிப்பு எண்ணிக்கையையும் (ஒரு செல்லில் படித்த ஆர்என்ஏ துணுக்குகளின் எண்ணிக்கையை) சந்தேகியுங்கள். 5ஆம் நாள் புறச் செல்களில் ஆக்ட்4 (OCT4; உட்செல்களின் அடையாளமாகக் கருதப்படும் மரபணு) தெரிந்தால் உட்செல்களின் கலப்படம் என்று கழித்துவிடாதீர்கள். மனிதக் கருவில் அது அங்கே சற்றுக் காலம் நீடிக்கும்.

ஒற்றைச் செல் தரவில் சுழியம் என்பது மரபணு உறங்குகிறது என்பதற்கு முழுச் சான்று ஆகாது. குறைவாக உள்ள ஆர்என்ஏ பிடிபடாமலும் போகும். மேலும், மனிதனுக்குச் சொன்னதை ரீசஸ் குரங்குக்கோ நம் களக்காட்டு மலையின் சிங்கவால் குரங்குக்கோ அப்படியே பொருத்த வேண்டாம்.